சுருட்டு சரியில்லை என்று எழுதும் முன்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கையால் சுருட்டப்பட்ட உயர்தரச் சுருட்டு ஒன்றை மதிப்பிட உட்காரும் ஒருவர் "கசந்தது", "அணைந்துகொண்டே இருந்தது", "சுவையே இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதும்போது, அந்தக் குறை நான்கு இடங்களில் ஏதோ ஒன்றிலிருந்து வந்திருக்கிறது: விளைந்த இலை, சுருட்டிய கை, வைத்திருந்த பெட்டி, புகைப்பவரின் வாயும் வேகமும். பெரும்பாலான குறைகள் கடைசி இரண்டிலிருந்துதான் வருகின்றன என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பழி பெரும்பாலும் முதல் இரண்டின் மேல் விழுகிறது. கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்திலோ, நிகராகுவாவின் எஸ்தெலியிலோ, டொமினிக்கன் குடியரசின் சிபாவோ பள்ளத்தாக்கிலோ விதைத்து, ஒடித்து, உலர்த்தி, பட்டறையாக, அதாவது பெருங்குவியலாக, அடுக்கி நொதிக்கவைத்து, மூட்டையில் ஆண்டுக்கணக்கில் முதிரவிட்டுச் சுருட்டிய ஒரு பொருளை, நம் பெட்டியின் ஈரம் தவறியதற்காகக் குறைத்து மதிப்பிடுவது அந்த உழைப்புக்கு நேர்மையான தீர்ப்பாகாது. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறியையும் எடுத்துக்கொண்டு, எந்தக் காரணத்தை முதலில் விலக்க வேண்டும், எதைச் சரிசெய்யலாம், எது உண்மையிலேயே சுருட்டின் குறை என்பதைச் சொல்கிறேன்.

அளவுகோலாக ரொபஸ்டோ அளவை வைத்துக்கொள்ளலாம். கியூபாவில் அதன் நீளம் 124 மில்லிமீட்டர், வளைய எண் 50. வளைய எண் ஒன்று என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு. எனவே 50 என்பது ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் பருமன். குறையில்லாத ரொபஸ்டோ, நிதானமாகப் புகைத்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை நிற்கும். சற்றே தடுக்கும் இழுவை, பெருமளவு சமமான எரிகோடு, ஓர் அங்குலத்துக்கு அருகில் வரையாவது உதிராமல் நிற்கும் சாம்பல் ஆகியவை அதன் அடையாளங்கள். இந்த நிலையிலிருந்து விலகுவதையே இங்கே அறிகுறி என்கிறேன்.

முதலில் பெட்டியைச் சோதியுங்கள்

எந்த அறிகுறிக்கும் முன்னால் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும். சுருட்டைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து, பற்றவைக்கும் முனையிலிருந்து தலை வரை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். சற்றே அமுங்கி மீண்டும் எழுந்தால் ஈரம் சரி. அமுங்கிய இடம் அப்படியே நின்றால் சுருட்டு நமுத்திருக்கிறது. மொறுமொறுவென்று ஒலி எழுந்தால் காய்ந்திருக்கிறது. நீளத்தில் ஓரிடம் மட்டும் கட்டையாகவோ பொந்தாகவோ தென்பட்டால் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அந்த இடத்தில் எரிகோடு வந்து சேரும்போது நடப்பதற்கு அது விளக்கம் தரும்.

சேமிப்புக்கு 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும், 18 முதல் 21 பாகை செல்சியஸ் வெப்பமும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லைகள். மதிப்பீட்டுக்கு 65-ஐ ஒட்டி வைப்பதே நல்லது என்பேன். 70-இல் வைத்த சுருட்டு கைக்கு இனிமையாக இருந்தாலும் எரிவதில் தடுமாறுகிறது. ஈரமானியின் எண்ணைச் சோதிக்காமல் நம்பிவிட வேண்டாம். ஒரு சிறிய மூடியில் சமையல் உப்பை எடுத்து, கரைந்து போகாமல் ஈரக் களியாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியுடன் சேர்த்துக் காற்றுப் புகாத பையிலோ டப்பாவிலோ ஒரு நாள் வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைகொள்ளும். உங்கள் கருவி 70 என்று காட்டினால் அது 5 குறைத்துக் காட்டுகிறது. அந்த வேறுபாட்டைக் கூட்டிப் படித்துக்கொள்ள வேண்டும்.

சென்னையிலும் கொழும்பிலும் வாழ்பவருக்கு இதில் இரட்டைச் சிக்கல் உண்டு. குளிரூட்டிய அறையின் காற்று சுருட்டைக் காயவைக்கிறது. குளிரூட்டியை அணைத்தவுடன் கடற்காற்றின் ஈரமும் 30 பாகையைத் தாண்டும் வெப்பமும் வந்து சேர்கின்றன. இந்த ஏற்ற இறக்கத்துக்கு அழகிய மரப்பெட்டியை விட, ரப்பர் விளிம்புடன் இறுக மூடும் டப்பாவில் 65 விழுக்காட்டுக்கென விற்கும் இருவழி ஈரக்கட்டுப்பாட்டுப் பொதி ஒன்றைப் போட்டு, வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் வைப்பதே பாதுகாப்பானது.

இழுத்தால் காற்று வரவில்லை

கைவினைச் சுருட்டைப் பற்றி எழும் முறையீடுகளில் முதன்மையானது இதுதான். இதைப் பற்றவைத்த பிறகு கண்டுபிடிப்பது தாமதம். தலையை வெட்டியவுடன், நெருப்பில்லாமல் இரண்டு மூன்று முறை இழுத்துப் பாருங்கள். இந்த வெற்று இழுப்பே இழுவையைப் பற்றிப் பெரும்பாலானவற்றைச் சொல்லிவிடும்.

வெற்று இழுப்பே கடினமாக இருந்தால், முதல் ஐயம் வெட்டின் மேல் விழ வேண்டும். தலையை மூடியிருக்கும் தொப்பி இலை, சுருட்டின் தோள் வளைந்து நேராகும் இடத்தில் முடிகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவுவது முறை. துளைப்பானால் சிறு துளை மட்டும் போட்டிருந்தால், கூர்முனைச் சுருட்டை மிக நுனியில் வெட்டியிருந்தால், புகை வெளியேறும் வாயில் போதாமல் இருக்கும். இன்னும் ஒரு மில்லிமீட்டர் வெட்டி மீண்டும் இழுத்துப் பாருங்கள். தொப்பிக் கோட்டைத் தாண்டி மட்டும் வெட்ட வேண்டாம். சுருட்டின் வெளிப்போர்வையாகிய மேலிலை பிரிந்து வரத் தொடங்கும்.

வெட்டு சரியாக இருந்தும் இழுவை கடினம் என்றால் இரண்டாவது ஐயம் ஈரம். புகையிலை ஈரத்தை உறிஞ்சும்போது உப்பும்; சுற்றியிருக்கும் மேலிலை அதை விரியவிடாது; இலைகளுக்கு இடையே இருந்த காற்றுவழிகள் நெருங்கி அடைபடும். இதுதான் காரணமா என்று அறிய, அதே பெட்டியின் மற்றொரு சுருட்டை, ஈரப்பொதி இல்லாத வெற்றுத் தேவதாரு மரப்பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டுப் புகைத்துப் பாருங்கள். இழுவை திறந்துகொண்டால் குற்றம் சேமிப்பினுடையது; சுருட்டியவருக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது.

உலர்த்திய பிறகும் திறக்கவில்லை என்றால் மட்டுமே மூன்றாவது ஐயமாகிய சுருட்டலுக்கு வர வேண்டும். உள்ளிலைகளைக் கையில் சேர்ப்பதில் பல முறைகள் உண்டு. ஒவ்வோர் இலையையும் தனித்தனிக் குழலாகச் சுருட்டி அடுக்குவது காற்றுக்கு மிக நல்ல வழி தரும்; அதுவே மிகக் கடினமான, நேரம் பிடிக்கும் வேலை. இலைகளை விசிறி மடிப்பாக மடித்துச் சேர்ப்பது அடுத்தது. புத்தகத் தாள்கள் போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி உருட்டுவது விரைவானது. காற்றுவழிகள் ஒரே சீராக அமையாத ஆபத்தும் அதில் கூடுதல். எந்த முறையானாலும் நடு நரம்பின் துண்டு ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டாலோ, சேர்த்த இலைக்கட்டு முறுக்கிக்கொண்டாலோ, அந்த இடத்தில் ஒரு முடிச்சு விழுகிறது. விரலால் அழுத்தியபோது கட்டையாகத் தென்பட்ட இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். அந்த இடத்தை விரல்களுக்கு இடையில் மெல்ல உருட்டித் தளர்த்தலாம். அதற்கும் அசையாவிட்டால், தலையிலிருந்து நீண்ட மெல்லிய ஊசியைச் செலுத்தி ஒரு வழி திறக்கலாம். இரண்டுமே அந்தச் சுருட்டைப் புகைக்க உதவும். ஆனால் ஊசி போட்ட சுருட்டைச் சுவைக்கு மதிப்பிடுவதை நான் ஏற்கமாட்டேன். காற்றோட்டத்தை நாம் மாற்றிவிட்ட பிறகு, வரும் சுவை கலவை செய்தவர் எண்ணிய சுவையாக இராது.

1990-களின் இறுதியில் உலகெங்கும் சுருட்டுக்குத் தேவை பெருகி, கியூபத் தொழிற்சாலைகள் உற்பத்தியை விரைந்து கூட்டிய காலத்தில், இழுபடாத சுருட்டுகளைப் பற்றிய முறையீடுகள் மிகுந்தன. அதற்குப் பின்னரே அங்கே இழுவை சோதிக்கும் கருவிகள் பரவலாகப் புகுந்தன. மேலிலை சுற்றுவதற்கு முன்பே இலைக்கட்டைக் கருவியில் பொருத்திக் காற்றின் தடையை அளந்து, தேறாததைச் சுருட்டியவரிடமே திருப்பித் தருவது வழக்கமாயிற்று. அந்த ஆண்டுகளின் பழைய பெட்டி கையில் வந்தால் இந்தப் பின்னணியை நினைவில் கொள்வது நல்லது.

இழுவை மிக எளிது. புகை சூடாக வருகிறது

இதற்கு நேர்மாறான குறை. கட்டில் இலை குறைவாக இருந்தால் தீக்கங்குக்குக் காற்று மிகுதியாகக் கிடைத்து, அது சூடேறி, சுவைகள் பிரிந்து தெரியும் முன்பே கருகல் எழும். காய்ந்துபோன சுருட்டும் இதே போல நடந்துகொள்ளும். ஆகவே விரலால் அழுத்திய சோதனையின் முடிவைத் திரும்பப் பாருங்கள். காய்ந்ததுதான் காரணமென்றால், ஈரத்தைச் சில வாரங்களில் மெல்ல ஏற்ற வேண்டும். ஒரே நாளில் ஏற்றினால் உள்ளே உப்பும் வேகத்துக்கு மேலிலை ஈடுகொடுக்காமல் வெடிக்கும். இலை குறைவாக வைத்துச் சுருட்டியிருந்தால் செய்வதற்கு எதுவுமில்லை. இழுப்புகளுக்கு இடையே கூடுதல் நேரம் விட்டுப் புகைத்து, குறையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் எரிந்து ஓடுகிறது

எரிகோடு ஒரு பக்கம் முன்னேறி, மறுபக்கம் எரியாத மேலிலை நாக்கு போல நீண்டு நிற்கும் நிலை இது. நம் வீடுகளில் இதற்கு மிகச் சாதாரணமான காரணம் தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி. காற்றுப் படும் பக்கம் விரைந்து எரியும். விசிறியை நிறுத்திவிட்டோ, காற்று நேரே படாத இடத்துக்கு மாறியோ அடுத்த பத்து நிமிடம் பாருங்கள்.

அடுத்த காரணம் பற்றவைத்த விதம். பற்றவைக்கும் முனையைச் சுடரில் நேரே திணிக்காமல், சுடரின் நுனிக்குச் சற்று மேலே பிடித்துச் சுழற்றி, முனை முழுதும் கருத்துச் சிவக்கும் வரை வாட்டிவிட்டு, அதன் பிறகே வாயில் வைத்து இழுக்க வேண்டும். பிறகு முனையில் மெல்ல ஊதிப் பார்த்தால், சிவக்காத இடம் கருப்பாகத் தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் மீண்டும் சுடர் காட்டுங்கள். மெழுகுவத்தியும் பெட்ரோல் லைட்டரும் வேண்டாம். இரண்டின் மணமும் முதல் அரை அங்குலத்தைக் கெடுத்துவிடும். மணமற்ற பியூட்டேன் லைட்டரோ தேவதாருச் சீவலோ போதும்.

சிறிய கோணல் தானாகச் சீராகிவிடும். பின்தங்கிய பக்கத்தைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தால் அது எட்டிப்பிடிக்க வாய்ப்புண்டு. பின்தங்கிய பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டுவிட்டால் சுடரால் அதை மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம். ஒரு சுருட்டுக்கு ஒரு முறை இப்படித் திருத்துவதை நான் குறையாகக் கருதுவதில்லை. திருத்திய பிறகும் அதே பக்கம் மீண்டும் மீண்டும் ஓடினால், உள்ளே இலைகள் ஒருபுறம் அடர்த்தியாகவும் மறுபுறம் தளர்வாகவும் அமைந்திருக்கின்றன, அல்லது லிகேரோ இலை நடுவிலிருந்து விலகியிருக்கிறது. லிகேரோ என்பது செடியின் மேற்பகுதியில் வெயிலை முழுதும் வாங்கி வளர்ந்த தடித்த இலை. வலுவும் எண்ணெய்ச் செறிவும் கூடியது, மெதுவாக எரிவது. அதனால்தான் அதை நடுவில் வைத்து, மணத்துக்கான செக்கோவையும் எளிதில் எரியும் வொலாடோவையும் சுற்றிலும் அமைக்கிறார்கள். லிகேரோ ஓரத்துக்கு வந்துவிட்டால் அந்தப் பக்கம் பின்தங்குவது இயல்பே. இது சுருட்டியவரின் குறை, மதிப்பெண்ணில் காட்டலாம்.

வெளிப்புறம் நின்று உள்ளே மட்டும் குடைந்து எரிந்தால், மேலிலையும் அதன் அடியில் உள்ளிலைகளைப் பிணைத்திருக்கும் கட்டு இலையும் உள்ளிலையைவிட ஈரமாக இருக்கக்கூடும், அல்லது இழுப்புகளுக்கு இடையே நீங்கள் மிக நீண்ட நேரம் விட்டிருக்கக்கூடும். சாம்பலைத் தட்டிப் பார்த்து, குழி தெரிந்தால் ஓரத்தை வாட்டிச் சமப்படுத்துங்கள்.

அணைந்துகொண்டே இருக்கிறது

வேகத்தை முதலில் பாருங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்பது பழகிய அளவு. இரண்டு நிமிடத்தைத் தாண்டிப் பேச்சில் ஆழ்ந்துவிட்டால் எந்தச் சுருட்டும் அணையும். வேகம் சரியாக இருந்தும் அணைந்தால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். மேலே சொன்ன உலர்த்தல் சோதனை இங்கும் பொருந்தும்.

இவை இரண்டையும் விலக்கிவிட்டால் இலையின் வேதியியல் மிஞ்சுகிறது. பொட்டாசியம் கூடிய இலை கங்கைத் தக்கவைக்கும். மண்ணிலிருந்தோ பாசன நீரிலிருந்தோ குளோரைடு மிகுதியாக ஏறிய இலை எரிய மறுக்கும். தமிழகத்தில் மெல்லும் புகையிலைக்கு உவர்நீர் பாய்ச்சும் வழக்கம் உண்டு. சுருட்டுக்கான இலைக்கு அதைச் செய்ய முடியாததற்கு இதுவே காரணம். சாம்பலின் நிறத்தையும் மண்ணே முடிவு செய்கிறது. மக்னீசியம் கூடினால் சாம்பல் வெளுக்கும். ஆனால் வெள்ளைச் சாம்பல் உயர்தரத்துக்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்வது தவறு. வெளுக்காமல் நடுத்தர நிறத்திலேயே சாம்பல் விழும் அருமையான சுருட்டுகள் ஏராளம். உருக்குலையாமல் நிற்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது, ஏனெனில் அது நீண்ட முழு இலை உள்ளே இருப்பதற்கான சான்று.

அணைந்த சுருட்டை உடனே மீண்டும் பற்றவைக்கலாம். சாம்பலைத் தட்டிவிட்டு, முனையை வாட்டி, முதலில் சுருட்டின் வழியே மெல்ல வெளிப்பக்கமாக ஊதி, தேங்கிய பழம்புகையை வெளியேற்றிய பின் இழுங்கள். சில மணி நேரம் கழிந்துவிட்டால் மதிப்பீட்டை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. அதன் பிறகு வருவது கரியின் சுவை.

மேலிலை வெடிக்கிறது, பிரிகிறது

மேலிலை மெல்லிய இலை. நரம்பு பருக்காத, நெகிழ்வான இலையையே அதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் துணிப்பந்தல் நிழலில் வளரும் இலையும், ஈக்வடாரின் இயற்கையான மேக மூட்டத்தின்கீழ் வளரும் இலையும் குறிப்பாக மென்மையானவை. மெக்சிகோவின் சான் ஆந்த்ரெஸ் இலை தடித்தது, பொறுமையானது. குளிரூட்டிய அறையில் திறந்து வைத்த மெல்லிய இலை அரை மணியில் வெடிக்கக்கூடும். நெருப்பை நோக்கி ஓடும் வெடிப்பு, உள்ளே ஈரம் கூடி வெப்பத்தில் உப்பியதைக் காட்டும். தலைப்பக்கத்து வெடிப்பு பெரும்பாலும் மழுங்கிய வெட்டுக்கருவியின் வேலை. சிறு வெடிப்பு எரிகோடு தாண்டியவுடன் மறைந்துவிடும், விட்டுவிடலாம்.

வாயில் இலைத்துணுக்குகள் வந்தால் வெட்டைப் பாருங்கள். வெட்டு சுத்தமாக இருந்தும் தொடர்ந்து வந்தால் உள்ளே இருப்பது நறுக்கிய இலை. கியூபப் பெட்டிகளில் 1989 முதல் இடம்பெறும் "தொத்தால்மென்தே ஆ மானோ", அதாவது முழுவதும் கையால், என்ற முத்திரையுடன் "திரிப்பா கோர்த்தா" என்றும் இருந்தால், அது நறுக்கிய இலையால் செய்தது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள் என்று பொருள்; நீள இலைச் சுருட்டின் அளவுகோலை அதன்மேல் வைக்க வேண்டாம்.

கசப்பு, காறல்

கசப்பு எப்போது தொடங்கியது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும். அதனால் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் இந்த அறிகுறிக்கு மிக முக்கியம்.

முதல் சில இழுப்புகளிலேயே கசந்தால் முனையைக் கருக்கிவிட்டீர்கள். அல்லது லைட்டரின் வாசம். சாம்பல் சென்டிமீட்டர் அளவு வளரும் வரை பொறுத்து, அதற்கு முன் எதையும் எழுதாதீர்கள். நிகராகுவச் சுருட்டுகள் பலவற்றில் முதல் நிமிடங்களில் மிளகின் காரம் மூக்கை ஏறித் தாக்கும்; அது குறை அல்ல, கலவையின் இயல்பு. காரம் நாக்கின் மேலும் மூக்கிலும் தெரிந்து விலகும். காறல் தொண்டையில் நின்று எரியும். இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நடுவில் கசப்பு ஏறினால் வேகத்தையே முதலில் குற்றம் சாட்டுங்கள். அடுத்தடுத்து இழுக்கும்போது கங்கின் வெப்பம் ஏறி, இனிப்பையும் மணத்தையும் தரும் பொருள்கள் கருகிப்போகின்றன. கை சுருட்டின் உடலில் சூட்டை உணர்கிறதா என்று பாருங்கள். உணர்ந்தால் இரண்டு நிமிடம் கீழே வையுங்கள். பிறகு ஒரு முறை வெளிப்பக்கமாக ஊதிவிட்டு இழுத்தால், கசப்பு தணிந்து பழைய சுவை திரும்புவதை நீங்களே காணலாம். திரும்பினால் சுருட்டு குற்றமற்றது.

வேகம் குறைந்தும் கசப்பு நின்றால் வெட்டிய தலையைப் பாருங்கள். அங்கே பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பு தேங்கியிருந்தால், நமுத்த சுருட்டின் நீராவியும் தாரும் சேர்ந்து வந்து நிற்கின்றன. ஒரு மில்லிமீட்டர் சீவித் துடைத்துவிட்டு, சுருட்டை வாயில் நனைக்காமல் உதட்டால் மட்டும் பிடித்துத் தொடருங்கள். இறுக்கமான இழுவையும் இதே விளைவைத் தரும், ஏனெனில் காற்று வராததால் நாம் அறியாமலே பலமாகவும் அடிக்கடியும் இழுக்கிறோம். ஆக, சுவைக்குறையாகத் தோன்றிய கசப்பின் வேர் கட்டமைப்புக் குறையாக இருக்கக்கூடும். குறிப்பில் இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும்.

இறுதி மூன்றில் ஒரு பங்கில் கசப்பு கூடுவது எல்லாச் சுருட்டுக்கும் இயல்பு. முன்பு கடந்து வந்த புகையின் தாரும் நிகோடினும் அங்கே படிந்து சேர்ந்திருக்கின்றன. கடைசி நான்கு சென்டிமீட்டருக்குள் நுழைந்த பிறகு வந்த கசப்பை நான் மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை.

அம்மோனியா நெடி

மூக்கைத் துளைக்கும், கண்ணில் நீர் வரவழைக்கும் நெடி வந்தால் அது பெட்டியின் குற்றமோ உங்கள் குற்றமோ அல்ல. பட்டறையில் நொதிக்கும்போது புகையிலை அம்மோனியாவை வெளிவிடுகிறது; அந்தச் செயல் முழுமை பெறாமல் சுருட்டிவிட்டால், மிச்சம் சுருட்டுக்குள்ளேயே நடக்கிறது. கோஹீபா என்ற கியூபச் சுருட்டுப் பெயரில் செக்கோ, லிகேரோ இலைகளை மரப் பீப்பாய்களில் மூன்றாம் முறையாக நொதிக்கவைப்பதும் இலையின் கரடுமுரடை நீக்கத்தான். புதிதாகச் சுருட்டிய சுருட்டு, சுருட்டும்போது ஏறிய ஈரத்தால் இன்னொரு சிறு நொதிப்புக்கு உள்ளாவதும் உண்டு. மருந்து காலம் ஒன்றே. சில மாதம் முதல் ஓராண்டு வரை பெட்டியில் வைத்துவிட்டு மீண்டும் புகைத்துப் பாருங்கள். நெடி வந்த நாளில் மதிப்பெண் போடாமல் "இன்னும் ஆறவில்லை" என்று மட்டும் எழுதுவதே சரி.

சுவையே தெரியவில்லை

எரிகிறது, புகை வருகிறது, ஆனால் வெறும் புகை. முதலில் வாயைச் சோதியுங்கள். வற்றல்குழம்போ ஊறுகாயோ உண்டு எழுந்தவுடன் சுருட்டை மதிப்பிட முடியாது. மிளகாயின் எரிவும் உப்பும் புளியும் வெகு நேரம் நிற்கும். வெறும் வயிறும் ஆகாது. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். காலைச் சிற்றுண்டி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, சாதாரணத் தண்ணீரை மட்டும் அருகில் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. காப்பியும் மதுவும் துணைக்கு இனிமையானவைதாம். ஆனால் அவற்றுடன் புகைத்த சுருட்டைப் பற்றி எழுதும்போது காப்பியின் சுவையில் பாதி குறிப்பில் கலந்துவிடும்.

அடுத்தது மூக்கு. நாக்கு இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு போன்ற அடிப்படைகளை மட்டுமே சொல்லும். மரம், தோல், கொக்கோ என்று நாம் பெயரிடுபவை எல்லாம் மணங்கள். புகையை நுரையீரலுக்குள் இழுக்கவே கூடாது. வாயில் நிறுத்தி, பெரும்பகுதியை வாய் வழியே விட்டுவிட்டு, மிச்சமிருக்கும் சிறு அளவை மட்டும் மூக்கின் வழியே மெல்ல வெளிவிட வேண்டும். மூன்று நான்கு இழுப்புக்கு ஒருமுறை போதும். சளி பிடித்திருக்கும் நாளில் மதிப்பீடே வேண்டாம்.

வாயும் மூக்கும் சரி, ஆனாலும் சுவை தட்டை என்றால் நெடுநாள் காய்ந்து கிடந்து மணப்பொருள்களை இழந்த சுருட்டாக இருக்கலாம். மேலிலையில் எண்ணெய்ப் பளபளப்பு இல்லாமல் தாள் போல் உலர்ந்து தெரிந்தால் அதுவே காரணம். ஈரத்தைத் திரும்ப ஏற்றினாலும் போன மணம் வராது.

பிறர் எழுதிய குறிப்பில் உள்ள சுவைகள் உங்களுக்குப் படவில்லை என்பது தனிச் சிக்கல். இதில் கவலைப்பட வேண்டியதே இல்லை. கருப்பு வால்நட்டையும் கிரகாம் பிஸ்கட்டையும் உண்ணாத நாக்கு அவற்றைத் தேடி அலைய வேண்டாம். வறுத்த நிலக்கடலைத் தோல், சுக்கு, கருப்பட்டி, பழைய சந்தனப்பெட்டி, முதல் மழையில் நனைந்த மண், வறுத்த காப்பிக்கொட்டை என்று உங்கள் நினைவில் இருப்பதை எழுதுங்கள். அந்தச் சொல்லை ஓராண்டு கழித்துப் படித்தாலும் அதே மணம் மூக்கில் எழ வேண்டும். குறிப்புக்கு வேறு தகுதி தேவையில்லை.

தலைசுற்றல், குமட்டல், வியர்வை

இதை மட்டும் பொறுத்துக்கொண்டு தொடரக் கூடாது. சுருட்டுப்புகை காரத்தன்மை உடையது. அந்த நிலையில் நிகோடின் வாயின் தோலின் வழியாகவே இரத்தத்தில் கலக்கிறது. உள்ளிழுக்காவிட்டாலும் நிகோடின் ஏறும் என்பதே இதன் பொருள். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வெறும் வயிற்றில், வேகமாக, லிகேரோ மிகுந்த கலவையைப் புகைத்தால் கை சில்லிட்டு வியர்த்து வயிறு புரளும். சுருட்டை உடனே வைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்; வாந்தி, படபடப்பு தொடர்ந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றின் புற்றுநோய் ஆபத்து உள்ளிழுக்காத சுருட்டுக்காரருக்கும் உண்டு. மதிப்பீட்டுக்காக ஒரே நாளில் பல சுருட்டுகளைப் புகைக்கும் பழக்கத்தை நான் எதிர்ப்பதற்கு இது முதற்காரணம். இரண்டாவது சுருட்டிலேயே வாய் மரத்துப்போய்த் தீர்ப்பும் பிழைபடுகிறது என்பது அடுத்த காரணம்.

வெள்ளைப் படிவு, குண்டூசித் துளை

பஞ்சு போல எழும்பி, திட்டுத்திட்டாக, பச்சையோ நீலமோ கலந்து தெரிந்தால் அது பூசணம். மேலிலையின் வெளிப்புறத்தில் சிறிதளவே இருந்தால் துடைத்து, பெட்டியின் ஈரத்தைக் குறைத்துக் கண்காணிக்கலாம். பற்றவைக்கும் முனையின் இலைமடிப்புகளுக்குள் புகுந்திருந்தால் எறிந்துவிட வேண்டும். மேலிலையில் எழும்பாமல் நிற்கும் பச்சைத் திட்டும் வெளிறிய நீர்ப்புள்ளியும் இலையிலேயே அமைந்தவை, அவற்றால் தீங்கில்லை.

குண்டூசியால் குத்தியது போன்ற வட்டத் துளையும், அருகே மெல்லிய பொடியும் தென்பட்டால் புகையிலை வண்டு வந்துவிட்டது. வெப்பம் 24 பாகையைத் தாண்டினால் முட்டைகள் பொரிக்கத் தொடங்கும் என்பதால் நம் ஊர்களில் இது உண்மையான அச்சுறுத்தல். துளை விழுந்தவற்றை நீக்கிவிட்டு, மற்றவற்றைக் காற்றுப் புகாத இரட்டைப் பையில் இட்டு, ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியிலும், மூன்று நாள் அதன் உறைபனிப் பகுதியிலும், மீண்டும் ஒரு நாள் குளிர்பதனத்திலும் வைத்து, பிறகு அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். படிப்படியாகச் செய்யாவிட்டால் மேலிலை வெடிக்கும். டப்பாவை முழுதும் துடைத்துத் தூய்மை செய்ய மறவாதீர்கள்.

ஒரே பெட்டி, இரண்டு விதம்

கையால் செய்த பொருளில் வேறுபாடு இருக்கும். ஆனால் அந்த வேறுபாடு எல்லைக்குள் இருக்க வேண்டும். ஒரு சுருட்டை வைத்து ஒரு பெயருக்குத் தீர்ப்புச் சொல்வதை ஏற்க முடியாது. ஒரே பெட்டியிலிருந்து குறைந்தது மூன்றை, வெவ்வேறு நாள்களில், நாளின் ஒரே வேளையில், ஒரே ஈரத்தில் புகைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே குறை வந்தால் இலையையோ கலவையையோ குறை சொல்லலாம். ஒன்றில் மட்டும் இழுவை அடைத்து மற்ற இரண்டும் சிறந்திருந்தால் அது ஒரு கையின் ஒரு நேரத்துப் பிழை.

மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் இருந்தால், நிறம் மாறி, தொப்பிகள் ஒழுங்கற்று, முனையில் இலைகள் வெவ்வேறாகத் தெரிந்தால், பெட்டியையே சந்தேகிக்க வேண்டும். கியூபப் பெட்டியின் அடிப்புறத்தில் தொழிற்சாலைக் குறியும் பெட்டியில் இட்ட மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்கும். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கோஹீபா என்று விற்கப்படுபவை போலி. முத்திரை சரியாக இருந்தால் அந்தக் குறியையும் மாதத்தையும் உங்கள் குறிப்பின் முதல் வரியில் எழுதிவையுங்கள். அடுத்து ஈரமானியின் எண், வெட்டிய விதம், பற்றவைத்த நேரம், இழுவை, எரிவு, அதற்கும் பிறகே சுவை. கடைக்காரரிடம் ஒரு பெட்டியைத் திருப்பித் தர வேண்டி வந்தால், அவர் முதலில் கேட்பதும் அந்த முத்திரையும் நீங்கள் வைத்திருந்த ஈரமும்தான்.